ஜாவா 21இல் எழுதிய நிரலைக் கமக்காரர் அமைப்பின் ஜாவா 8 கணினியில் நம்பி ஓட்டுவது எப்படி?

கிளிநொச்சி அறிவியல்நகரில் படிக்கும் ஒரு மாணவர் கேட்டிருப்பதைச் சுருக்கி எழுதுகிறேன். இரணைமடுக் குளத்தின் கீழுள்ள ஒரு கமக்காரர் அமைப்புக்காகச் சிறிய ஸ்விங் நிரல் (ஜாவாவின் சாளரக் கருவிகளால் ஆன நிரல்) ஒன்றை எழுதியிருக்கிறார். சிறுபோகத்தில் யாருக்கு எத்தனை ஏக்கர் பங்கு, யார் சந்தா கட்டியிருக்கிறார்கள், யாருக்கு நிலுவை என்பதைப் பதிந்து அச்சிடுவது அதன் வேலை. அவருடைய மடிக்கணினியில் இருப்பது ஜாவா 21. அமைப்பின் அலுவலகத்தில் இருப்பது விண்டோஸ் 7 ஓடும் 32-பிட் கணினி. அதில் ஜாவா 8. முதல் முறை கொண்டுபோனபோது 65.0, 52.0 என்ற இரண்டு எண்களைக் காட்டிவிட்டு நிரல் திறக்கவே மறுத்தது. நிரலைக் கட்டித் தரும் மேவன் என்ற கருவியின் கோப்பில் சோர்ஸ், டார்கெட் இரண்டையும் 1.8 என்று மாற்றிய பிறகு திறந்தது. ஆனால் பெயரைப் பதிந்து சேமிக்கும் பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. கட்டளைச் சாளரத்தில் ஓட்டிப் பார்த்தபோதுதான் ஸ்ட்ரிங் கிளாஸில் ‘இஸ்பிளாங்க்’ என்ற மெதட் இல்லை என்ற பிழை தெரிந்தது. “கம்பைலர் ஒன்றும் சொல்லவில்லை, ஓட்டும்போது ஏன் மறுக்கிறது? எந்த ஃபிளாக்கைக் கொடுத்தால் இது சரியாகும்?” என்று கேட்டிருக்கிறார்.

ஃபிளாக்கின், அதாவது கம்பைலருக்குக் கொடுக்கும் விருப்பத்தின், பெயரை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சோர்ஸ், டார்கெட் இரண்டையும் எடுத்துவிட்டு ரிலீஸ் 8 என்று கொடுங்கள். இப்போது வந்திருக்கும் பிழை கம்பைல் செய்யும்போதே பிடிபட்டுவிடும். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது அதுவல்ல என்று நினைக்கிறேன். மடிக்கணினியில் ஓடுகிற நிரல் அலுவலகக் கணினியிலும் ஓடும் என்று, அங்கே போவதற்கு முன்பே எப்படித் தெரிந்துகொள்வது என்பதுதான் உங்கள் கேள்வி. அதற்கு ஒரு ஃபிளாக் போதாது. கிளாஸ் கோப்பின் பதிப்பு, அது அழைக்கும் மெதட்டுகள், அந்த மெதட்டுகள் நடந்துகொள்ளும் விதம் ஆகிய மூன்றும் தனித்தனியாகப் பொருந்த வேண்டும். முதல் இரண்டையும் கம்பைலரிடம் ஒப்படைக்கலாம். மூன்றாவதை ஜாவா 8இல் ஓட்டிப் பார்த்தே அறிய முடியும். தமிழில் பெயர்களைச் சேமிக்கும் நிரலில் பெரிய சேதம் வருவதும் அந்த மூன்றாவது இடத்தில்தான்.

முதல் பிழையில் வந்த எண்கள் கிளாஸ் கோப்பின் பதிப்பு எண்கள். ஜாவாவின் பதிப்போடு 44ஐக் கூட்டினால் அந்த எண் கிடைக்கும்: ஜாவா 8க்கு 52, 11க்கு 55, 17க்கு 61, 21க்கு 65. ஒவ்வொரு கிளாஸ் கோப்பிலும் ஏழாவது, எட்டாவது பைட்டுகளில் இது எழுதப்பட்டிருக்கும். ஓட்டும் ஜாவா தனக்குத் தெரிந்த எண்ணைவிடப் பெரிய எண்ணைக் கண்டால் அந்தக் கிளாஸைத் தொடுவதே இல்லை. இந்தப் பிழை வரும்போது எண்ணைக் கவனித்துப் படியுங்கள். 65 என்றால் உங்கள் நிரலே புதிய பதிப்பில் கம்பைல் ஆகியிருக்கிறது. 55 அல்லது 61 என்றால் நீங்கள் சேர்த்த ஏதோ ஒரு லைப்ரரிதான் (பிறர் எழுதிய ஆயத்த நிரல் தொகுப்பு) காரணம். பிழைச் செய்தியின் தொடக்கத்தில் கிளாஸின் முழுப்பெயரும் இருக்கும். அதை வைத்து எந்த லைப்ரரி என்று கண்டுபிடித்துவிடலாம்.

டார்கெட் 1.8 என்று நீங்கள் மாற்றியபோது அந்த எண் 52 ஆனது. அவ்வளவுதான் நடந்தது. சாக்கின் மேல் சம்பா என்று எழுதிவிட்டு உள்ளே இருக்கும் நெல்லை மாற்றாமல் விட்டதைப் போன்றது இது. சோர்ஸ் என்ற விருப்பம் மொழியின் இலக்கணத்தைப் பழைய பதிப்புக்குக் கட்டுப்படுத்துகிறது. டார்கெட் கோப்பின் பதிப்பு எண்ணைத் தீர்மானிக்கிறது. ஆனால் ஸ்ட்ரிங், லிஸ்ட் போன்ற ஜாவாவின் சொந்தக் கிளாஸ்களில் எந்த மெதட்டுகள் இருக்கின்றன என்று பார்க்கும்போது, கம்பைலர் உங்கள் மடிக்கணினியில் இருக்கும் 21இன் கிளாஸ்களையே பார்க்கிறது. இஸ்பிளாங்க் 21இல் இருக்கிறது, ஆகவே கம்பைலருக்கு அது சரி. அந்த மெதட் சேர்க்கப்பட்டது ஜாவா 11இல் என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஒரு எச்சரிக்கை மட்டும் கொடுத்திருக்கும்: சோர்ஸ் 8 கொடுத்திருக்கிறீர்கள், பூட்ஸ்ட்ராப் கிளாஸ்பாத் (அந்தப் பழைய ஜாவாவின் சொந்தக் கிளாஸ்கள் இருக்கும் இடம்) கொடுக்கவில்லை என்று. மேவன் அச்சிடும் வரிகளுக்கு நடுவில் இது எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. நீங்கள் பார்த்த பிழையைத்தான் அந்த எச்சரிக்கை முன்கூட்டியே சொன்னது.

இஸ்பிளாங்க் விஷயத்தில் புதிய மெதட் ஒன்றை நீங்களே பெயர் சொல்லி அழைத்தீர்கள். பழைய மெதட்டை மட்டும் அழைத்தாலும் இதே விபத்து நேரலாம். பைட்பஃபர் கிளாஸின் ‘ஃபிளிப்’ ஜாவா 1.4 காலத்திலிருந்தே இருக்கிறது. ஜாவா 8 வரை அது பஃபர் என்ற தாய்க் கிளாஸில் இருந்தது. திருப்பிக் கொடுப்பதும் பஃபர் வகை. ஜாவா 9இல் பைட்பஃபருக்கென்று தனியாக எழுதி, பைட்பஃபர் வகையைத் திருப்பிக் கொடுக்கும்படி மாற்றினார்கள். கிளாஸ் கோப்பில் ஒரு மெதட்டை அழைக்கும்போது அதன் பெயரோடு திருப்பிக் கொடுக்கும் வகையும் சேர்த்தே எழுதப்படுகிறது. ஆகவே 21இல் சோர்ஸ், டார்கெட் மட்டும் கொடுத்துக் கம்பைல் செய்தால், உங்கள் மூல நிரலில் ஒரு எழுத்துக்கூடப் புதிதாக இல்லாமலேயே ஜாவா 8இல் அதே பிழை வரும். பெயர் பெற்ற பல லைப்ரரிகள் இந்த ஒரே மெதட்டில் சிக்கியிருக்கின்றன. ஆகவே ‘நான் புதிய மெதட் எதையும் பயன்படுத்தவில்லை, எனக்கு ஒன்றும் வராது’ என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள்.

ரிலீஸ் என்ற விருப்பம் 2017இல் வந்த ஜாவா 9இலிருந்து இருக்கிறது. இலக்கணம், பதிப்பு எண் இரண்டையும் அமைப்பதோடு, பழைய பதிப்புகளில் எந்தக் கிளாஸில் எந்த மெதட் இருந்தது என்ற பட்டியலையும் அது பார்க்கிறது. அந்தப் பட்டியல் ஜேடிகேயோடு (கம்பைலர் அடங்கிய ஜாவா கருவித்தொகுப்போடு) சேர்ந்தே வருகிறது. ரிலீஸ் 8 கொடுத்த உடனே இஸ்பிளாங்க் கம்பைல் ஆகாது. ஃபிளிப் பழைய வடிவத்திலேயே எழுதப்படும். மேவனில் கம்பைலர் ப்ளகின் 3.6 முதல் இது கிடைக்கிறது; ப்ராப்பர்ட்டிகளில் மேவன், கம்பைலர், ரிலீஸ் என்ற மூன்று சொற்களைப் புள்ளியிட்டு இணைத்து 8 என்று எழுதினால் போதும். எட்டுக்கு முன்னால் 1 என்று போட வேண்டாம். மேவனுக்குப் பதிலாகக் கிரேடில் என்ற கருவி என்றால் 6.6 முதல் ஜாவா கம்பைல் பணியின் ஆப்ஷன்களில் ரிலீஸ் இருக்கிறது. ஜேடிகே 8க்கு இந்த விருப்பமே தெரியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். உங்களோடு சேர்ந்து வேலை செய்பவர் ஜேடிகே 8இலேயே கம்பைல் செய்வாரானால், 9க்கு மேற்பட்ட ஜேடிகேயில் மட்டும் செயற்படும் ஒரு ப்ரொஃபைலுக்குள் இதை எழுத வேண்டும்.

ஜாவா 21இல் ரிலீஸ் 8 கொடுத்தால் ‘இது வழக்கொழிந்தது, எதிர்காலத்தில் நீக்கப்படும்’ என்ற எச்சரிக்கை வரும். பயப்பட வேண்டாம், 21இல் அது முழுமையாக வேலை செய்கிறது. ஆனால் அந்த எச்சரிக்கையை வெறும் சடங்காகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜாவா 6க்கான ஆதரவை ஜேடிகே 12இலும், 7க்கான ஆதரவை ஜேடிகே 20இலும் எடுத்துவிட்டார்கள். எட்டின் முறையும் ஒருநாள் வரும். ஆகவே எந்த ஜேடிகேயில் கம்பைல் செய்கிறீர்கள் என்பதைத் திட்டத்தின் குறிப்புக் கோப்பில் எழுதி வையுங்கள். நீங்கள் படிப்பு முடித்துப் போன பிறகு இதை எடுத்து நடத்த வருபவருக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி.

ரிலீஸ் 8 கொடுத்த பிறகு உங்கள் நிரலில் பல இடங்களில் சிவப்புக் கோடுகள் விழும். வார், ரெக்கார்டு, மூன்று மேற்கோள்குறிகளுக்குள் எழுதும் நீண்ட உரை, அம்புக்குறியோடு எழுதும் ஸ்விட்ச் எல்லாம் போய்விடும். லிஸ்ட்டின் ‘ஆஃப்’ ஜாவா 9இல் வந்தது. ஸ்ட்ரீமின் ‘டூலிஸ்ட்’ 16இல் வந்தது. ஃபைல்ஸின் ‘ரீட்ஸ்ட்ரிங்’ 11இல் வந்தது. இஸ்பிளாங்குக்குப் பதிலாக ட்ரிம் செய்துவிட்டு இஸ்எம்ப்டி பாருங்கள். பெயர்ப் பெட்டி வெறுமையா என்று பார்க்க அது போதும். லாம்ப்டா, ஸ்ட்ரீம், புதிய தேதிக் கிளாஸ்கள் எல்லாம் எட்டிலேயே இருக்கின்றன. நீங்கள் செய்யும் அளவு நிரலுக்கு எட்டு ஒன்றும் ஏழ்மையான மொழி அல்ல.

இந்த விருப்பத்துக்கும் எல்லைகள் உண்டு. அந்தப் பட்டியலில் இருப்பவை ஜாவாவின் பொதுக் கிளாஸ்கள் மட்டுமே. சன் என்று தொடங்கும் உள் கிளாஸ்களை நேரடியாகப் பயன்படுத்தியிருந்தால் அவை ஜாவா 8இல் இருந்தாலும் கம்பைலர் மறுக்கும். ஜாவாஎஃப்எக்ஸும் அதில் இல்லை. நல்லவேளையாக நீங்கள் ஸ்விங்கில் எழுதியிருக்கிறீர்கள். எதிர்த் திசையிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. எக்ஸ்எம்எல் பைண்டிங் கிளாஸ்கள் ஜாவா 8இல் இருந்தன, 11இல் நீக்கப்பட்டன. ரிலீஸ் 8 கொடுத்தால் அவை கம்பைல் ஆகும், அலுவலகத்தில் ஓடும், உங்கள் மடிக்கணினியில் ஓடாது. பழையதிலும் புதியதிலும் ஒரே ஜார் (கம்பைல் ஆன கிளாஸ்களைக் கட்டி வைத்த கோப்பு) ஓட வேண்டுமானால் அவற்றைத் தனி லைப்ரரியாகச் சேர்க்க வேண்டும்.

அடுத்தது லைப்ரரிகள். உங்கள் ரிலீஸ் எண் உங்கள் மூல நிரலை மட்டுமே கட்டுப்படுத்தும். ஏற்கெனவே கம்பைல் ஆகி வந்த ஜார்களை அது தொடாது. ஜாவா 11க்காகச் செய்த லைப்ரரி ஒன்றைச் சேர்த்தால் ஜேடிகே 21இன் கம்பைலர் வாய் திறக்காமல் ஏற்றுக்கொள்ளும். அலுவலகத்தில் 55 என்ற எண்ணோடு பிழை வரும். புதியது நல்லது என்று எல்லாவற்றுக்கும் கடைசிப் பதிப்பைப் போடும் பழக்கம் இங்கே உதவாது. ஸ்பிரிங் பூட் 3க்கு ஜாவா 17 வேண்டும். ஹிகாரிசிபி 5க்கு 11 வேண்டும், 4 எட்டில் ஓடும். லாக்பேக் 1.3 எட்டில் ஓடும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 11 வேண்டும். சோதனைக்கு மொக்கிட்டோ 4ஐயும் ஜேயூனிட் 5ஐயும் வைத்துக்கொள்ளுங்கள். மொக்கிட்டோ 5 பதினொன்றையும் ஜேயூனிட் 6 பதினேழையும் கேட்கும். இதைக் கையால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மேவனின் என்ஃபோர்சர் ப்ளகினுக்கு மோஜோஹவுஸ் குழு வெளியிடும் கூடுதல் விதிகளில் பைட்கோடு பதிப்பை, அதாவது கிளாஸ் கோப்பின் பதிப்பை, சோதிக்கும் விதி ஒன்று இருக்கிறது. அதில் உச்சவரம்பை 1.8 என்று வைத்தால், அதைவிடப் புதிய கிளாஸ் எந்த ஜாரில் இருந்தாலும் பில்டு அங்கேயே நின்றுவிடும். இந்த ஒன்றை மட்டும் தவறாமல் சேருங்கள். சில ஜார்களில் ஜாவா 9க்கு மேற்பட்டவற்றுக்கென்று தனிக் கோப்புறையில் கூடுதல் கிளாஸ்கள் இருக்கும். ஜாவா 8 அவற்றைத் திரும்பிப் பார்க்காது, ஆகவே அவற்றால் கேடில்லை.

இனி, நான் மிகவும் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். ரிலீஸ் 8 கொடுத்து, லைப்ரரிகளையும் சரிபார்த்து, அலுவலகத்தில் நிரல் திறந்து, சேமிக்கவும் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் பட்டியலைத் திறந்தால் பெயர்கள் இருக்க வேண்டிய இடமெல்லாம் கேள்விக்குறிகள் இருக்கலாம். எந்தப் பிழைச் செய்தியும் வந்திருக்காது. ஜாவா 18இலிருந்து எல்லா இயங்குதளங்களிலும் இயல்பு எழுத்துக்குறியீடு (எழுத்துகளைக் கோப்பில் பைட்டுகளாக எழுதும் முறை) யூடிஎஃப்-8 என்று ஆக்கப்பட்டது. அதற்கு முன்பு இயங்குதளம் எதைச் சொல்கிறதோ அதுதான். ஆங்கில விண்டோஸில் அது பெரும்பாலும் விண்டோஸ்-1252, அதில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. எழுத்துக்குறியீட்டைக் குறிப்பிடாமல் ஃபைல்ரைட்டர் கொண்டு எழுதினால், ஜாவா 8 ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டையும் ஒரு கேள்விக்குறியாக மாற்றிக் கோப்பில் எழுதும். தவறான குறியீட்டில் படித்ததால் எழுத்துகள் குழம்பித் தெரிந்தால் மீட்கலாம். கேள்விக்குறியாக எழுதப்பட்டதை எவராலும் மீட்க முடியாது. நீர்ப்பங்குப் பட்டியலில் ஒரு கமக்காரரின் பெயர் அழிந்துபோனால் அது வெறும் மென்பொருள் கோளாறாக நிற்காது. சிறுபோகப் பங்கு என்பது எங்கள் பக்கத்தில் கூட்டம் கூடிப் பேசித் தீர்க்கும் விஷயம் என்பது உங்களுக்கே தெரியும்.

‘அந்தக் கணினியில் முன்பு இருந்த தமிழ்ப் பட்டியல்கள் எல்லாம் சரியாகத்தானே இருக்கின்றன?’ என்று அலுவலகத்தில் யாராவது கேட்கலாம். அவை பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தவையாக இருக்க வாய்ப்பு அதிகம். பாமினியில் திரையில் தெரிவது தமிழ். கோப்பில் இருப்பது ஆங்கில விசைப்பலகையின் எழுத்துகள். அதனால் விண்டோஸ்-1252 அவற்றைச் சேதமில்லாமல் சுமந்துவந்தது. நீங்கள் எழுதுவது யூனிகோடுத் தமிழ், அதற்கு அந்தப் பாதுகாப்புக் கிடையாது. பழைய பட்டியலை உங்கள் நிரலுக்குள் எடுக்கப்போகிறீர்கள் என்றால் முதலில் அதை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும் என்பதையும் கவனத்தில் வையுங்கள்.

தீர்வு எளிது: கோப்பைத் தொடும் ஒவ்வொரு இடத்திலும் யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. எழுத்துக்குறியீட்டை ஏற்கும் ஃபைல்ரைட்டர், ஃபைல்ரீடர் கன்ஸ்ட்ரக்டர்கள் ஜாவா 11இல்தான் வந்தன. ரிலீஸ் 8 அவற்றை மறுக்கும். அப்போது பலர் குறியீட்டை எடுத்துவிட்டுப் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறார்கள். பிழை மறைந்துவிடும், தரவு அழியத் தொடங்கும். அதற்குப் பதிலாக ஃபைல்ஸின் நியூபஃபர்டுரைட்டர், நியூபஃபர்டுரீடர் இரண்டையும் பயன்படுத்துங்கள். இரண்டிலும் யூடிஎஃப்-8 என்பதை எழுதிக் கொடுங்கள். ஸ்ட்ரிங்கின் கெட்பைட்ஸ், ஸ்கேனர், பிரிண்ட்ரைட்டர் ஆகியவற்றையும் நிரல் முழுக்கத் தேடிப் பாருங்கள். ஓட்டும்போது ஃபைல் என்கோடிங் என்ற ப்ராப்பர்ட்டியை யூடிஎஃப்-8 என்று கொடுக்கும் வழியை இணையத்தில் பலர் சொல்வார்கள். பல சமயம் வேலை செய்யும். ஆனால் ஜாவா 8 அதை ஆதரிக்கும் வழியாக ஒருபோதும் அறிவிக்கவில்லை. அதோடு, யாராவது ஜாரை இரட்டைச் சொடுக்கில் திறந்தால் அந்த ஏற்பாடு காணாமல் போய்விடும். மூல நிரலுக்குள்ளேயே தமிழ் எழுதியிருந்தால் மேவனின் சோர்ஸ் என்கோடிங் ப்ராப்பர்ட்டியையும் யூடிஎஃப்-8 என்று வைக்க வேண்டும்.

பொத்தான்களின் தமிழ்ப் பெயர்களை ப்ராப்பர்ட்டீஸ் கோப்பில் வைத்து ரிசோர்ஸ்பண்டில் மூலம் படிக்கிறீர்கள் என்றால் அதிலும் இதே கதைதான். ஜாவா 9 முதல் அந்தக் கோப்புகள் யூடிஎஃப்-8 ஆகப் படிக்கப்படுகின்றன. ஜாவா 8 அவற்றை ஐஎஸ்ஓ 8859-1 ஆகவே படிக்கும். ‘சேமி’ என்று இருக்க வேண்டிய பொத்தானில் பொருளற்ற கோடுகளும் குறிகளும் தெரியும். ஜேடிகே 8இல் நேட்டிவ்2ஆஸ்கி என்ற கருவி இதற்காகவே இருக்கிறது. அது தமிழ் எழுத்துகளை இரு பதிப்புகளும் புரிந்துகொள்ளும் எண் வடிவத்துக்கு மாற்றித் தரும். 9இல் அந்தக் கருவியை நீக்கிவிட்டார்கள், ஆகவே ஜேடிகே 8ஐ மடிக்கணினியில் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எழுத்துருவையும் பாருங்கள். நிர்மலா எழுத்துரு விண்டோஸ் 8இல்தான் வந்தது. விண்டோஸ் 7இல் இருப்பது லதாவும் விஜயாவும். நிரலில் நிர்மலா என்று எழுதியிருந்தால் அலுவலகத்தில் வேறு எழுத்துரு வந்து, பொத்தான்களின் அகலம் மாறி, சொற்கள் வெட்டுப்படும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற திறந்த உரிமமுள்ள எழுத்துருவை ஜாருக்குள்ளேயே வைத்து ஏற்றிக்கொள்வதுதான் நல்லது. அதற்குப் பிறகும் சிறு வேறுபாடு இருக்கலாம், ஏனென்றால் எழுத்துகளைக் கோத்து வரையும் உள் இயந்திரத்தை ஜாவா 9இல் மாற்றி ஹார்ஃப்பஸ் ஆக்கினார்கள். கொம்பும் காலும் சேரும் எழுத்துகளைத் திரையிலும் அச்சிட்ட தாளிலும் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

தேதிகள் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜாவா 9இலிருந்து மாதப் பெயர்களும் தேதி வடிவங்களும் சிஎல்டிஆர் என்ற பொதுத் தரவிலிருந்து எடுக்கப்படுகின்றன. 8இல் ஜாவாவின் சொந்தத் தரவுதான் இயல்பு. பிரித்தானிய ஆங்கில அமைப்பில் செப்டெம்பரின் சுருக்கத்தை ஜாவா 8 மூன்று எழுத்தில் எழுதும், 16உம் அதற்குப் பிந்தியவையும் நான்கு எழுத்தில் எழுதும். ஒன்றில் எழுதிய கோப்பை மற்றொன்றில் படித்தால் செப்டெம்பர் மாதத்துத் தேதிகள் மட்டும் பிழை தரும். கோப்பில் தேதியை ஆண்டு, மாதம், நாள் என்று எண்களாகவே வையுங்கள்.

இவ்வளவும் சொன்னபின் வரும் முடிவு ஒன்றுதான்: மடிக்கணினியில் ஜேடிகே 8ஐயும் நிறுவுங்கள்; சோதனைகளை அதில் ஓட்டுங்கள். கம்பைல் செய்வது 21இல், ரிலீஸ் 8 கொடுத்து. ஓட்டிப் பார்ப்பது 8இல். மேவனின் ஷ்யூர்ஃபயர் ப்ளகினில் ஜேவிஎம் என்ற அமைப்பு இருக்கிறது. அதில் ஜேடிகே 8இன் ஜாவாவுக்கான பாதையைக் கொடுத்தால், மேவன் 21இல் ஓடினாலும் சோதனைகள் 8இல் ஓடும். கிரேடிலில் டூல்செயின் மூலம் இதையே செய்யலாம். 32-பிட் ஜாவா 64-பிட் விண்டோஸிலும் ஓடும் என்பதால், அலுவலகத்தில் இருக்கும் அதே வகையை உங்கள் மேசையிலேயே வைத்துப் பார்க்க முடியும். உங்கள் சோதனைகளில் ஒன்று கட்டாயம் இப்படி இருக்கட்டும்: ஒரு தமிழ்ப் பெயரைச் சேமித்து, மூடி, மறுபடி படித்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவது. ஆனால் லினக்ஸில் ஓட்டினால் இயல்புக் குறியீடு ஏற்கெனவே யூடிஎஃப்-8 ஆக இருக்கும், அந்தச் சோதனை எதையும் பிடிக்காது, விண்டோஸில் ஓட்டுங்கள்.

எல்லாவற்றையும் ஜேடிகே 8இலேயே செய்துவிட்டால் என்ன என்று கேட்டால், அதுவும் நேர்மையான வழிதான். தனி ஒருவர் எழுதும் சிறிய நிரலுக்கு அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். எனக்கு அதில் ஒரு குறைதான் படுகிறது: கருவிகள் எட்டை விட்டு விலகிக்கொண்டிருக்கின்றன. கிரேடில் 9ஐ ஓட்டவே ஜாவா 17 வேண்டும். மேவன் 4க்கும் அப்படியே. இரண்டையும் பிரித்து வைத்தால், அலுவலகத்துக்குப் புதிய கணினி வரும் நாளில் ஒரு எண்ணை மாற்றினால் போதும்.

அந்தக் கணினியில் ஏன் புதிய ஜாவாவை நிறுவக் கூடாது என்றும் சிலர் கேட்டிருந்தார்கள். 64-பிட் விண்டோஸ் 10 ஆக இருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். ஜேபேக்கேஜ் கருவியால் ஜாவாவையும் சேர்த்தே கட்டிக் கொடுத்துவிடலாம். இங்கே இருப்பது 32-பிட் விண்டோஸ். அதற்கான ஆதரவை நீக்கப்போவதாக ஜேடிகே 21இல் அறிவித்து, 24இல் நீக்கியும்விட்டார்கள். அதனால் எட்டிலேயே நிற்பதுதான் சரி. ஆனால் அங்கே ஏற்கெனவே கிடக்கும் எட்டை நம்ப வேண்டாம். எக்லிப்ஸ் டெமுரின், அமேசான் கொரெட்டோ, அசூல் சூலூ ஆகியவை ஜாவா 8இன் 32-பிட் விண்டோஸ் வடிவத்தை இலவசமாகத் தருகின்றன. அவற்றில் ஒன்றின் கோப்புறையைப் பென்டிரைவில் கொண்டுபோய் உங்கள் ஜாரின் பக்கத்திலேயே வைத்து, அந்த ஜாவாவையே அழைக்கும் சிறிய பேட்ச் கோப்பு ஒன்றை எழுதிக் கொடுங்கள். வேறு யாராவது அந்தக் கணினியின் ஜாவாவை நீக்கினாலும் மாற்றினாலும் உங்கள் நிரலுக்கு ஒன்றும் ஆகாது. நினைவக அளவை மட்டும் அதிகமாகக் கேட்காதீர்கள்: 32-பிட் விண்டோஸில் 2 ஜிபி ஹீப் கேட்டால் ஜாவா தொடங்கவே தொடங்காது.

ஜாவா 8 என்பதும் ஒரே ஒரு பொருள் அல்ல. அப்டேட் எண்ணைப் பாருங்கள். இணையத்தளங்களுக்குச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட்டின் மூலச் சான்றிதழ் 141ஆம் அப்டேட்டில்தான் சேர்ந்தது, பாதுகாப்பான இணைய இணைப்புக்கான டிஎல்எஸ் 1.3 வந்தது 261இல். உங்கள் நிரல் இணையத்தைத் தொடுவதாக நீங்கள் எழுதவில்லை, ஆகவே இப்போதைக்கு இது பிரச்சினை இல்லை. பின்னாளில் குறுஞ்செய்தி அனுப்பும் வசதி, இணையக் காப்புப்பிரதி என்று எதையாவது சேர்க்க நினைத்தால் அன்றைக்கு இது முன்னால் வந்து நிற்கும். விண்டோஸ் 7க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டன. உறுப்பினர்களின் அடையாள அட்டை எண்கள் இருக்கும் கணினியை இணையத்தில் இணைக்காமல் வைத்திருப்பதே நல்லது. காப்புப்பிரதிக்கு இரண்டு பென்டிரைவ் போதும், ஒன்று அலுவலகத்திலும் மற்றொன்று செயலாளர் வீட்டிலும் இருக்கட்டும்.

இதில் எது உறுதி, எது ஊகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இஸ்பிளாங்க் பிழையின் காரணமும் ரிலீஸ் 8 அதைப் பிடிக்கும் என்பதும் உறுதி. லைப்ரரிகளில் சிக்கல் இருக்கிறதா என்பதை உங்கள் பொம் கோப்பை, அதாவது அந்த மேவன் கோப்பை, பார்க்காமல் சொல்ல முடியாது. எழுத்துக்குறியீடு பற்றி நான் எழுதியது, நீங்கள் பட்டியலைக் கோப்பில் சேமிக்கிறீர்கள் என்ற ஊகத்தில். எஸ்க்யூலைட் போன்ற தரவுத்தளத்தில் சேமித்தால் அந்தப் பகுதியில் பெரும்பாலும் தப்பிவிடுவீர்கள், ஆனால் எக்செலுக்காக ஏற்றுமதி செய்யும் இடத்தில் அதே ஆபத்து காத்திருக்கும். அலுவலகத்தில் ஏற்கெனவே சில பெயர்களைச் சோதனைக்காகப் பதிந்திருந்தால், அடுத்த முறை போகும்போது புதிய ஜாரைப் போடுவதற்கு முன்பு அந்தக் கோப்பைப் பிரதி எடுத்து, நோட்பேடில் திறந்து பாருங்கள். பொம் கோப்பையும், பிழை வந்தால் அதன் எல்லா வரிகளையும் இங்கே போடுங்கள். முதல் வரியை மட்டும் வெட்டிப் போட வேண்டாம், எந்தக் கிளாஸிலிருந்து பிழை கிளம்பியது என்பது பெரும்பாலும் கீழே உள்ள வரிகளில்தான் இருக்கும்.